சிறியவை எல்லாம் எளியவை அல்ல: ஒரு தொடக்கநிலைத் தையல் பெட்டியின் மதிப்புரை

தையல் இயந்திரம் இல்லாமல், ஊசியும் நூலும் மட்டும் கொண்டு வீட்டிலேயே கைவினைப் பொருள்கள் செய்து பழக விரும்புவோருக்காக விற்கப்படும் பெட்டிகளுள் ஒன்றை வாங்கி, அதிலுள்ள கைவேலைகளை ஒன்று விடாமல் செய்து பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். பெட்டியின் மூடியில் ‘12 எளிய கைவேலைகள்; முன்பயிற்சி தேவையில்லை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். உள்ளே 6 பருத்தித் துணித் துண்டுகள், பல வண்ண ஃபெல்ட் (இழைகளை அழுத்திச் செய்த துணி) தாள்கள், ஊசிகள், தையல் நூல், எம்பிராய்டரி நூல், கத்தரிக்கோல், குண்டூசிகள், அளவு நாடா, துணியில் குறியிடும் பேனா, எம்பிராய்டரி வளையம், பொத்தான்கள், திணிப்புப் பஞ்சு, கைக்கு அடக்கமான ஒரு சிறு தையல் இயந்திரம், இவற்றோடு படங்கள் நிறைந்த ஒரு கையேடு ஆகியவை இருக்கின்றன. பொருள்களில் பெரும்பாலானவை தரமானவை. கையேட்டின் விளக்கங்களும் பல இடங்களில் தெளிவாக உள்ளன. ஆனால் எந்த வேலையை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையில்தான் இந்தப் பெட்டி சறுக்குகிறது. அந்தச் சறுக்கல் சிறியதும் அன்று.

கையேட்டின்படி முதல் வேலை, 5 சென்டிமீட்டர் அகலமுள்ள ஃபெல்ட் இதயச் சாவிக்கொத்து. அதன்பின் பூ வடிவத் தலைமுடி கிளிப், சிறு பறவை, புத்தக அடையாளக்குறி என்று வளர்ந்து, கோப்பை விரிப்பு, சுருக்குப் பை, துணிப் பை, திண்டு உறை ஆகியவை கடைசிப் பக்கங்களில் வருகின்றன. பொருளின் அளவை வைத்தே எளிமையை அளந்திருக்கிறார்கள் என்பது இந்த வரிசையைப் பார்த்ததும் விளங்கும். தைத்துப் பழகிய எவரும் இதை ஏற்கமாட்டார். சிறிய பொருளில் வளைவுகள் நெருக்கமாக வருகின்றன. தையல் முழுவதும் வெளியே தெரிகிறது. ஒரு தையல் 3 மில்லிமீட்டரும் அடுத்தது 5 மில்லிமீட்டருமாக இருந்தால் அது பளிச்சென்று கண்ணில் படுகிறது. பிடித்துக்கொள்ளும் விரல்களே தைக்கும் இடத்தை மறைத்துவிடுகின்றன. இதற்கு மாறாக, ஒரு துணிப் பையில் பெரும்பாலும் நேர்க்கோடுகளே உண்டு. தையல் உள்பக்கம் ஒளிந்துகொள்கிறது. கை ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதால் நூறு தையல்களைக் கடப்பதற்குள் சீரான இடைவெளி தானாகவே படிந்துவிடுகிறது. பழகுபவருக்கு வேண்டியது அந்த நீளமான நேர்க்கோடுதான். ஆகவே இந்தப் பெட்டியை வாங்குவோர் கையேட்டைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படிக்கலாம் என்று பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மையாகவும் சொல்வேன்.

பொருள்களில் முதலில் ஊசிகளைச் சொல்லவேண்டும், ஏனெனில் மலிவான பெட்டிகள் பலவும் கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். இதில் சாதாரணத் தையல் ஊசிகள், எம்பிராய்டரி ஊசிகள், முனை மழுங்கிய பெரிய ஊசி ஒன்று என மூன்று வகைகள் தரப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் எண்ணும் உறையில் அச்சிடப்பட்டிருக்கிறது. கைத்தையல் ஊசிகளில் எண் கூடக் கூட ஊசி மெலிந்து குட்டையாகும் என்பதைக் கையேடு ஒரே வரியில் சொல்லிவிடுவது நல்லது. சாதாரண ஊசிக்கும் எம்பிராய்டரி ஊசிக்கும் ஒரே எண்ணில் கனத்தில் வேறுபாடு இல்லை. பின்னதன் காது நீளமாக இருப்பதால் பல இழைகளைச் சேர்த்துக் கோக்க முடிகிறது. ஊசியின் காது சரியாக வழவழப்பாக்கப்படாமல் இருந்தால் நூல் ஓரிடத்திலேயே உராய்ந்து பிசிறி அறுந்துவிடும். இந்த ஊசிகளில் அந்தக் குறை இல்லை. நீண்ட தையல்களுக்குப் பிறகும் நூல் காதருகே வழுவழுப்பாகவே இருந்தது. நூல் கோக்க உதவும் மெல்லிய கம்பிக் கருவிதான் பலவீனமானது: தகட்டிலிருந்து கம்பி சீக்கிரமே கழன்றுவிட்டது. நூலின் முனையைச் சாய்வாக வெட்டி, விரல்களுக்கிடையே மறையுமளவு பிடித்துக்கொண்டு, ஊசியை நூலின்மீது கொண்டுவந்து செருகினால் அந்தக் கருவி இல்லாமலே வேலை நடக்கும்.

தையல் நூல் பாலியஸ்டர் வகை. கையில் இழுத்தால் எளிதில் அறுவதில்லை, பிசிறும் குறைவு. ஆனால் ஒவ்வொரு முறையும் 1 மீட்டர் நூலை வெட்டிக்கொள்ளுமாறு கையேடு சொல்வது சரியான அறிவுரை அன்று. நூல் ஒவ்வொரு தடவை துணிக்குள் புகுந்து வெளிவரும்போதும் அதன் முறுக்கு சிறிது சிறிதாகக் கூடவோ குறையவோ செய்கிறது. நூல் நீளமாக இருந்தால் அந்த முறுக்கு சேர்ந்து சுருண்டு, தானே முடிச்சு விழுகிறது. 45 முதல் 50 சென்டிமீட்டர், அதாவது விரல் நுனியிலிருந்து முழங்கை வரையுள்ள நீளமோ அதைவிடச் சற்றுக் கூடுதலோ போதும். அப்படியும் சுருண்டால், ஊசியைக் கீழே தொங்கவிட்டால் போதும். அது தானே சுழன்று முறுக்கை விடுவித்துக்கொள்ளும். தேன்மெழுகுத் துண்டில் நூலை ஒருமுறை இழுத்தெடுப்பதும் உதவும். ஆனால் பெட்டியில் மெழுகு இல்லை.

எம்பிராய்டரி நூல் 6 இழைகள் கொண்டது. ஃபெல்ட் இதயத்தின் ஓரத்தை 6 இழைகளாலும் சேர்த்துத் தைக்கச் சொல்கிறது கையேடு. 5 சென்டிமீட்டர் பொருளுக்கு இது மிகக் கனமான நூல். இரண்டு இழைகளோ மூன்று இழைகளோ போதும். இழைகளைப் பிரிக்கும் விதத்தையும் கையேடு சொல்லவில்லை. இரண்டு இழைகளை ஒன்றாகப் பற்றி இழுத்தால் மீதி நான்கும் சிக்கிக்கொள்ளும்; ஒவ்வோர் இழையாக மேல்நோக்கி உருவியெடுத்து, பிறகு இரண்டையும் சேர்த்துக் கோக்கவேண்டும். நூலின் சாயத்தைப் பொறுத்தவரை, சிவப்பும் அடர்நீலமும் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தியபோது மெல்லிய கறை விட்டன. துவைக்கப்படும் பொருள்களுக்கு அவ்விரு நிறங்களையும் தவிர்ப்பது நல்லது.

துணிகள் இந்தப் பெட்டியின் பெரிய பலம். ஒவ்வொன்றும் 45 x 55 சென்டிமீட்டர் அளவுள்ள, நெருக்கமாக நெய்த பருத்தி. கஞ்சி மிகக் குறைவு. அச்சு நேராக இருக்கிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் குறுக்கே ஓடும் ஊடு நூலும் செங்கோணத்தில் குறுக்கிடுகின்றனவா என்பதைத் தொடக்கத்திலேயே பார்த்துவிடவேண்டும், ஏனெனில் இழைகள் கோணலாக இருக்கும் துணியில் வெட்டிய சதுரம் முதல் துவைப்பிலேயே சாய்ந்துபோகும். ஓரத்தில் ஓர் இழையை மட்டும் உருவி, அந்த வெற்றுக்கோட்டின் வழியே வெட்டிப் பார்த்தேன். அச்சுக்கோடும் இழைக்கோடும் ஏறக்குறைய ஒன்றாகவே ஓடின. ஒரு பெட்டித் துணியில் இதை எதிர்பார்க்கவில்லை. ஃபெல்ட் தாள்கள் செயற்கை இழையால் ஆனவை, ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் தடிமன். ஃபெல்ட் நெய்யப்படுவதில்லை, இழைகளை ஒன்றோடொன்று சிக்கவைத்து அழுத்தியே செய்யப்படுகிறது. அதனால் வெட்டிய ஓரம் பிரிவதில்லை, மடித்துத் தைக்கும் தேவையும் இல்லை. ஆனால் செயற்கை ஃபெல்ட் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகிச் சுருங்கிவிடும். இந்த எச்சரிக்கை கையேட்டின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

கத்தரிக்கோல் மோசம். காகித வார்ப்புகளையும் (துணியை வெட்டுவதற்கான மாதிரி வடிவங்கள்) துணியையும் ஒரே கத்தரியால் வெட்டச் சொல்வது முதல் குறை. காகிதம் கத்தரியின் கூர்மையை விரைவில் மழுக்கும் என்பது தையல் பழகுவோர் அறிந்துகொள்ளும் முதற்பாடங்களுள் ஒன்று. இரண்டாவது குறை அதன் முனையில் இருக்கிறது. ஒற்றைத் துணியைக் கத்தரியின் நுனியால் மட்டும் வெட்டிப் பார்த்தால், நல்ல கத்தரி கடைசிவரை வெட்டும். இதுவோ துணியை இரு அலகுகளுக்கும் நடுவே மடித்துக் கவ்விக்கொள்கிறது. மூலைகளைக் கத்தரிப்பதும் வளைவுகளில் சிறு வெட்டுகள் போடுவதும் நுனியால் செய்யவேண்டிய வேலைகள் என்பதால், இந்தக் கத்தரியைக் காகிதத்துக்கு ஒதுக்கிவிட்டுத் துணிக்கென வேறொன்றை வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும். குண்டூசிகளின் தலை பிளாஸ்டிக். இஸ்திரி போடுமுன் அவற்றை எடுத்துவிடவேண்டும். அளவு நாடா, வளையம், பொத்தான்கள் ஆகியவற்றில் குறை சொல்ல ஏதுமில்லை.

குறியிடும் பேனாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். இது தண்ணீர் பட்டால் மறையும் நீல மை கொண்டது. இவ்வகை மைகளில் பலவற்றை, நீரில் நனைத்துப் போக்குவதற்கு முன்பே இஸ்திரி போட்டுவிட்டால், கோடு துணியிலேயே நிலைத்துவிடும். கையேட்டின் திண்டு உறைப் பக்கத்தில் முதலில் இஸ்திரி போடுமாறும், பொருள் முடிந்தபின் நனைத்துக் கோட்டை நீக்குமாறும் எழுதியிருக்கிறார்கள். இந்த வரிசையை அப்படியே பின்பற்றக்கூடாது. வெட்டிய துண்டில் ஒரு கோடு போட்டு, ஈரத் துணியால் ஒற்றி, அது போகிறதா என்று பார்த்தபின் வேலையைத் தொடங்குவதே பாதுகாப்பு. வெப்பத்தால் மறையும் பேனாவை மாற்றாக வாங்க நினைப்போருக்கும் ஒரு குறிப்பு: அந்த மை சூட்டில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறதே தவிர துணியை விட்டு நீங்குவதில்லை, கடுங்குளிரில் மீண்டும் தெரியக்கூடும்.

இனி கையேடு. தையல் வகைகளுக்கான பக்கங்கள் மிகச் சிறப்பானவை. ஓட்டுத் தையல், கெட்டித் தையல், ஓரத்தைச் சுற்றிவரும் தையல், பிளாங்கெட் தையல், சங்கிலித் தையல், ஏணித் தையல் ஆகிய ஆறுக்கும் ஊசி உள்ளே செல்லும் புள்ளியும் வெளிவரும் புள்ளியும் எண்ணிட்டுக் காட்டப்பட்டுள்ளன. இடக்கையால் தைப்போருக்குத் தனிப் படங்கள் இருப்பது பாராட்டத்தக்கது. பெரும்பாலான கையேடுகள் இவர்களைக் கண்டுகொள்வதே இல்லை. கெட்டித் தையலுக்கான படம் குறிப்பாக நன்று: ஊசி ஒரு தையல் நீளம் பின்னால் சென்று இறங்கி, இரண்டு தையல் நீளம் முன்னால் சென்று எழுவதையும், மேற்பக்கத்தில் இடைவெளியின்றிக் கோடு தெரியும்போது அடிப்பக்கத்தில் நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடப்பதையும் இருபக்கத் தோற்றத்துடன் வரைந்திருக்கிறார்கள். பையின் பக்கத் தையல்களுக்கு ஓட்டுத் தையல் ஏன் போதாது என்பதை இந்த ஒரு படமே புரியவைத்துவிடும், ஏனெனில் ஓட்டுத் தையலில் ஒரே நூல் மேலும் கீழுமாக ஓடுவதால் பாரம் ஏறும்போது வாய் விரிகிறது.

ஆனால் தையலைத் தொடங்குவதும் முடிப்பதும் எப்படி என்பதற்குக் கையேடு கால் பக்கம்தான் ஒதுக்கியிருக்கிறது. தொடக்கக்காரர்களின் பொருள்கள் பிரிந்துபோவது பெரும்பாலும் நடுவில் அல்ல, முனைகளில்தான். நூல் நுனியில் முடிச்சிட்டு ஊசியை இழுத்தால், நெருக்கமில்லாத துணியில் முடிச்சு உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் முடிச்சை மட்டும் நம்பாமல் அதே இடத்தில் இரண்டு சிறு தையல்களைப் போட்டுவிட்டுத் தொடங்கவேண்டும். முடிக்கும்போதும் கடைசித் தையலின்மேல் இரண்டு முறை தைத்து, இரண்டாவதன் கண்ணிக்குள் ஊசியை நுழைத்து இறுக்கி, மீதி நூலை இரு துணிகளுக்கும் நடுவே 2 சென்டிமீட்டர் செலுத்திய பின் வெட்டவேண்டும். கையேட்டில் ‘முடிச்சுப் போட்டு நூலை வெட்டவும்’ என்ற வாசகம் மட்டுமே மீண்டும் மீண்டும் வருகிறது.

தையலுக்கு விடவேண்டிய துணியின் அளவிலும் குழப்பம் உண்டு. சில வார்ப்புகளில் 1 சென்டிமீட்டர் சேர்த்தே வரைந்திருக்கிறார்கள். சிலவற்றில் வெட்டுபவரே அரை சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளவேண்டும். எது எந்த வகை என்பது பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் இருக்கிறது. வெட்டுமுன் ஒவ்வொரு வார்ப்பிலும் பென்சிலால் ‘சேர்ந்தது’ என்றோ ‘சேராதது’ என்றோ குறித்துக்கொள்வது தேவை.

தனித்தனி வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது கோப்பை விரிப்பு. இதைத்தான் முதல் வேலையாக வைத்திருக்கவேண்டும். 12 சென்டிமீட்டர் சதுரங்கள் இரண்டை வெட்டி, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்குமாறு அடுக்கி, அவற்றின்மேல் அதே அளவுள்ள ஃபெல்ட் சதுரத்தை வைத்து, ஓரத்திலிருந்து 1 சென்டிமீட்டர் உள்ளே கெட்டித் தையல் போட்டு வரவேண்டும். ஒரு பக்கத்தின் நடுவே 5 சென்டிமீட்டர் தைக்காமல் விடவேண்டும். பஞ்சுத் தகட்டுக்குப் பதிலாக ஃபெல்ட்டை வைக்கச் சொன்னது நல்ல யோசனை. விரிப்பு தட்டையாகவும் உறுதியாகவும் அமைகிறது. தைத்தபின் நான்கு மூலைகளையும் தையலுக்கு 2 மில்லிமீட்டர் தொலைவில் சாய்வாகக் கத்தரித்துவிட்டு, விட்ட வாயின் வழியே உள்பக்கத்தை வெளியே புரட்டவேண்டும். மூலையைக் கத்தரிக்காமல் புரட்டினால், அங்கே சேரும் ஆறு ஏழு மடிப்புகளும் உருண்டு நிற்கும். மூலை ஒருபோதும் கூர்மையாக வராது. ஊசியால் மூலையைக் குத்தி இழுத்தால் இழை அறும். முனை மழுங்கிய ஒரு குச்சியால் உள்ளிருந்து மெல்லத் தள்ளினால் போதும். இறுதியில் அந்த 5 சென்டிமீட்டர் வாயை ஏணித் தையலால் மூடும்போது, ஊசி இரு மடிப்புகளின் உள்ளேயே மாறி மாறி ஓடுவதால், நூலை இழுத்ததும் தையல் மறைந்து இரு ஓரங்களும் ஒட்டிக்கொள்கின்றன. நேர்த்தையல், மூலை, புரட்டுதல், மறைதையல் ஆகிய நான்கையும் 10 சென்டிமீட்டர் பொருளில் கற்றுத்தருவது இந்த ஒரு வேலைதான். சிறியதாக இருந்தும் எளிதாக அமைவதற்குக் காரணம், இதில் வளைவே இல்லை என்பதே.

திண்டு உறையில் கையேட்டின் கணக்கு இடிக்கிறது. பொத்தானோ ஜிப்போ இல்லாமல், பின்பக்கத்தில் இரு துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மூடும் உறை இது. 40 சென்டிமீட்டர் திண்டுக்கு முன்துண்டு 42 x 42 சென்டிமீட்டர்; இது ஒரு துணியில் அடங்கும். பின்துண்டுகள் இரண்டையும் இன்னொரு துணியிலேயே வெட்டிக்கொள்ளச் சொல்கிறார்கள். 55 சென்டிமீட்டரை இரண்டாக்கினால் ஒவ்வொன்றும் 27.5, அதில் ஓரத் தையலுக்கு 1 சென்டிமீட்டரும், வாயோரத்தை இருமுறை மடிப்பதற்கு 2 சென்டிமீட்டரும் போக 24.5 மிஞ்சும். இரண்டும் சேர்ந்து 49 என்றால், 40 சென்டிமீட்டர் பின்பக்கத்தில் 9 சென்டிமீட்டர்தான் ஒன்றன்மேல் ஒன்று படியும். பருத்தித் துணி முதல் துவைப்பில் 3 சதவீதம் வரை சுருங்குவது வழக்கமானது என்பதால், முறைப்படி துணியை முன்பே நனைத்து உலர்த்தி வெட்டினால் அந்தப் படிவு 7 சென்டிமீட்டராகக் குறைகிறது. உப்பலான திண்டைச் செருகியதும் வாய் பிளந்து உள்ளே இருப்பது தெரியும். 15 சென்டிமீட்டர் படிவு வேண்டுமானால் ஒவ்வொரு பின்துண்டும் 30.5 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். அதற்கு மூன்றாவது துணி தேவை. பெட்டியில் 6 துணிகள் இருக்கும்போது ஒன்றை மிச்சப்படுத்துவதற்காக உறையின் அமைப்பையே கெடுத்திருக்க வேண்டாம். நனைத்து உலர்த்தச் சொல்லும் வரியும் கையேட்டில் இல்லை.

துணிப் பையில் வேறொரு சிக்கல். அதன் உடல் பகுதி முழுவதும் நேர்த்தையல். தொடக்கக்காரர் இரண்டாவதாக எடுத்துக்கொள்ள மிகவும் ஏற்றது. கைப்பிடிகளுக்கு 8 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளை நான்காக மடித்து 2 சென்டிமீட்டர் அகலத்தில் தைக்கவேண்டும். அந்தக் கைப்பிடியை மடித்த வாயோரத்தோடு சேர்க்கும் இடத்தில் கைப்பிடியின் 4 அடுக்கும் வாயோரத்தின் 3 அடுக்குமாக ஊசி 7 அடுக்குத் துணியைத் துளைத்தாகவேண்டும். அங்கே சதுரம் ஒன்று தைத்து, அதன் குறுக்கே பெருக்கல் குறி போடச் சொல்வது சரியான முறைதான். பாரம் ஒரே கோட்டில் விழாமல் பரவும். ஆனால் ஊசியைத் தள்ளும் விரலின் நுனியில் மாட்டும் விரல் உறை இல்லாமல் 7 அடுக்குகளைத் துளைத்தால் ஊசியின் காதுப்பக்கம் விரலுக்குள் இறங்கும். இத்தனை பொருள்களை அடுக்கிய பெட்டியில் விரல் உறையை வைக்காதது எனக்கு விளங்கவில்லை.

சுருக்குப் பை நன்றாக அமைகிறது. நாடாவைக் கோப்பதற்கு அந்த மழுங்கிய ஊசி பயன்படுகிறது. புத்தக அடையாளக்குறியும் எம்பிராய்டரி வளையத்தில் செய்யும் பூவும் பொழுதுபோக்காகச் செய்யத்தக்கவை. துணிப் பொம்மையைத்தான் ‘எளிய’ பட்டியலிலிருந்து நீக்கவேண்டும். அதன் கைகளுக்கும் கால்களுக்கும் தையலுக்குப் பின் மிஞ்சும் அகலம் 2 சென்டிமீட்டர். அவ்வளவு ஒடுங்கிய குழாயைப் புரட்டி எடுப்பது பழகிய கைகளுக்கே பொறுமையைச் சோதிக்கும் வேலை. பஞ்சையும் கைப்பிடியாக அள்ளித் திணிக்கச் சொல்கிறார்கள். சிறு சிறு துணுக்குகளாகப் பிய்த்து, கடைக்கோடியிலிருந்து நிரப்பிக்கொண்டு வந்தால்தான் கட்டிகள் விழாது. பொம்மையின் கண்களுக்குப் பொத்தான் தைப்பதில் கவனம் வேண்டும். 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் கையில் அது போகுமானால் பொத்தானைத் தவிர்த்துக் கண்களை நூலாலேயே தைத்துவிடவேண்டும். பொம்மைகளின் பாதுகாப்புச் சோதனையில் பயன்படும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைக்குள் முழுமையாக அடங்கும் எந்தப் பகுதியும் அவ்வயதுக் குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடியதாகவே கருதப்படுகிறது. இந்தப் பெட்டியின் பொத்தான்கள் அனைத்தும் அதைவிட மிகச் சிறியவை. கையேட்டில் இதற்கான எச்சரிக்கை உண்டு, ஆனால் பொம்மையின் பக்கத்தில் அல்ல, பின்னட்டையில்.

விளம்பரப் படங்களில் முன்னிலை பெறும் சிறு இயந்திரம் பேட்டரியில் இயங்குகிறது. ஸ்டேப்ளரைப் போலக் கைக்குள் அடங்குகிறது. இதை ஒரு தையல் இயந்திரத்தின் சிறுவடிவம் என்று எண்ணி வாங்குவோர் ஏமாறுவார்கள். இதில் அடிநூல் இல்லை, அதைச் சுற்றிவைக்கும் பாபினும் இல்லை. ஒரே நூல் தன்னுடைய முந்தைய கண்ணிக்குள் நுழைந்து நுழைந்து சங்கிலித் தையலாக ஓடுகிறது. 1830இல் பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்தெலெமி திமோனியே காப்புரிமை பெற்ற இயந்திரம் போட்டதும் ஒற்றை நூல் சங்கிலித் தையல்தான். 1846இல் அமெரிக்கரான எலியாஸ் ஹோவ் காப்புரிமை பெற்ற இயந்திரத்திலோ இரண்டு நூல்கள் துணியின் நடுவே ஒன்றையொன்று பூட்டிக்கொண்டன. இன்றைய வீட்டு இயந்திரங்களின் தையல் அந்த வழியில் வந்தது. ஒற்றை நூல் சங்கிலியில் கடைசிக் கண்ணியைக் கட்டாமல் விட்டு நூல் முனையை இழுத்தால், முழுத் தையலும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்துவிடும். மாவு, அரிசி மூட்டைகளின் வாயைத் தைக்க இந்தக் குணமே உதவுகிறது. பைக்கும் உறைக்கும் உதவாது. போதாக்குறைக்கு, இரண்டு அடுக்குப் பருத்திக்கு மேல் போனால் கருவி திணறித் தையல்களைத் தவறவிடுகிறது. திரைச்சீலையின் ஓரத்தைத் தற்காலிகமாக மடித்து நிறுத்துவதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். இதை நீக்கிவிட்டு, இதற்கான செலவில் ஒரு நல்ல கத்தரியும் விரல் உறையும் தையல் பிரிப்பானும் வைத்திருந்தால் இந்தப் பெட்டியின் மதிப்பு இரட்டிப்பாகியிருக்கும்.

இஸ்திரி குறித்துக் கையேடு இரண்டே இடங்களில்தான் பேசுகிறது. ஒவ்வொரு தையலையும் முடித்த கையோடு, முதலில் மடித்த நிலையிலேயே அழுத்தி, பிறகு தையலுக்கு விட்ட துணியோரங்களை விரித்து இருபுறமும் படியவைக்கவேண்டும். இஸ்திரிப் பெட்டியைத் துணியின்மேல் தேய்த்து இழுக்காமல், தூக்கித் தூக்கி அழுத்தவேண்டும். கையால் தைத்த பொருளுக்கு நேர்த்தியைத் தருவதில் பாதிப் பங்கு இதற்குண்டு. ஃபெல்ட் சேர்ந்த பொருளானால் மேலே ஈரமில்லாத பருத்தித் துணியைப் போர்த்தி, குறைந்த சூட்டில் அழுத்தலாம்.

ஊசியையே பிடித்திராத பெரியவர்களுக்கும், பெரியவர் அருகிலிருக்கப் பழகும் பதின்பருவத்தினருக்கும் இந்தப் பெட்டியைப் பரிந்துரைக்கிறேன்; கோப்பை விரிப்பு, துணிப் பையின் உடல், சுருக்குப் பை, மூன்று துணிகளில் வெட்டிய திண்டு உறை என்ற வரிசையில் சென்று, ஃபெல்ட் சிறுபொருள்களை அவற்றுக்குப் பின் எடுத்துக்கொள்ளவேண்டும் என்பது நிபந்தனை. பட்டனும் ஓர மடிப்பும் ஏற்கெனவே தைக்கத் தெரிந்தவர்களுக்கு இது தேவையில்லை. அவர்கள் துணியையும் நல்ல கத்தரியையும் தனித்தனியே வாங்கிக்கொள்ளலாம்.

எல்லா வேலைகளையும் முடித்தபின் எம்பிராய்டரி நூலும் பொத்தான்களும் தாராளமாக மிஞ்சுகின்றன, துணிதான் தீர்ந்துவிடுகிறது. மேலும் தைக்க விரும்புவோர் இதே கனமுள்ள, சாதாரண நெசவுப் பருத்தியை வாங்குவது நல்லது. இழுத்தால் நீளும் பின்னல் துணியும் வழுக்கும் சாட்டினும் இந்த நிலையில் வேண்டாம். துணியை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்க்கையில் இழைகளுக்கிடையே வெளிச்சம் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால் அது நெருக்கமில்லாத நெசவு. வெட்டிய ஓரம் விரைவாகப் பிரியும், முடிச்சும் நிற்காது. கட்டம் போட்ட துணியாக இருந்தால், அந்தக் கோடுகள் அச்சிடப்பட்டவையா நெய்யப்பட்டவையா என்று பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். நெய்த கட்டமானால் இருபக்கமும் ஒரே அழுத்தத்தில் தெரியும். பேனாவே தேவைப்படாமல் அந்தக் கோட்டின் மேலேயே வெட்டவும் தைக்கவும் முடியும்.